பொன்னாடைக்குப் பயந்து நின்ற ஓட்டம்

கீழ்க்கட்டளை முனையில், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ஒரு நெடுந்தூர ஓட்டப் போட்டி நின்றுகொண்டிருந்தது. ஓட்டப் போட்டி எப்படி ஐயா நிற்கும் என்று கேட்பீர்கள். நானும் அன்றைக்கு அதைத்தான் கேட்டேன்.

முன்னால் வந்த ஆறேழு பேர் டீக்கடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு மேடை. அதில் ஒலிபெருக்கி, ரோஜா மாலைகள், மடித்து அடுக்கிய பொன்னாடைகள், அவற்றுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் நாலு பெரிய மனிதர்கள். பக்கத்திலேயே ஒரு குண்டானில் கேசரி. நெய் வாசனை ரோடு முழுக்க வந்தது.

"நீ போ மச்சான்."

"நான் ஏன் போறேன்? மேடவாக்கத்துல நான்தானே மாட்டினேன்? இப்ப நீ போ."

"டேய், முன்னாடி போறவன் போங்கடா, பின்னாடி வர்றவன் வந்துடப் போறான்!"

"வரட்டுமே. வந்து அவன் வாங்கிக்கட்டும்."

நான் ஜோசப்பின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஜோசப் என் ஆபீஸ் நண்பர், அதிர்ந்து பேசாத மனிதர். நானோ அந்தப் போட்டியின் செயலாளர். "ஏன்யா நிக்கிறீங்க? ஓடுங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தான். பல்லாவரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். ஜெயிக்கப் போவது அவன்தான் என்று புறப்படும்போதே எல்லாருக்கும் தெரியும். அவன் கழுத்தில் மூன்று பொன்னாடைகள் சுற்றியிருந்தன. ஜரிகை குத்திக் கழுத்து சிவந்திருந்தது.

"செகரட்டரி சார், நீ வேணா எறங்கி முன்னால ஓடு சார்" என்றான். "மொத ஆளா போறவன புட்சி துண்டு போத்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேசரி குடுக்கறாங்கோ. அதுக்குள்ள ரெண்டாவது வர்றவன் பூட்றான். கயட்டிப் போட்டா கோச்சிக்கிறாங்கோ. இன்னும் ஒண்ணு போத்தினா நான் ஓட மாட்டேன், நேரா கல்யாண மண்டபத்துக்குத்தான் போவேன்."

இப்படியாக, எல்லாரும் இரண்டாவதாக வர முயன்ற உலகத்தின் ஒரே ஓட்டப் பந்தயத்தை நடத்திய பெருமை எனக்கு உண்டு.

கேரம் போர்டு மன்றம்

போன வாரம் எங்கள் விடிவெள்ளி விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழா நாடகத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, செம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் "விளையாட்டு மன்றத்தில் விளையாட்டே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரு கேரம் போர்டு இருந்தது. அதில் ஸ்ட்ரைக்கர் தொலைந்து போய், பழைய கோட்டுப் பித்தானால் ஆடிக்கொண்டிருந்தோம். மற்றபடி மன்றத்தின் முக்கியமான விளையாட்டு கூட்டம் போடுவதுதான்.

மன்றத் தலைவர் ராஜமாணிக்கம். கிழக்குத் தாம்பரத்தில் இன்றைக்கு வீடுகளாக இருக்கிற இடத்தில் பாதி, அவர் அப்பா காலத்தில் நெல் வயல். அந்த வயலை இவர் மனையாகப் போட்டு விற்றார். மனை வாங்கியவர்களுக்கே செங்கல், மணல், ஜல்லி விற்றார். வீடு கட்டி முடித்தவர்களைக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வாழ்த்தினார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருக்கு மேடை என்றால் உயிர்.

எண்பதுகளின் பின்பாதி அது. டெல்லியிலும் பம்பாயிலும் நடந்த பெரிய ஓட்டங்களை டி.வி.யில் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னா சார், நம்ம ஜனங்களுக்குக் கால் இல்லையா? நாமளும் ஒண்ணு வுடலாம்" என்றார்.

மன்றத்தில் ஓடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க ஓடுவேன், அவ்வளவுதான். அந்தத் தகுதியில் எனக்குச் செயலாளர் வேலை கொடுத்தார்கள்.

ரோடு வளைந்த கதை

முதலில் நான் போட்ட திட்டம் சுலபமானது. சிங்கப்பெருமாள் கோவிலில் புறப்பட வேண்டும். திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோடில் நேராக வந்து தாம்பரத்தில் முடிக்க வேண்டும். வளைவு கிடையாது, வழி தவற முடியாது, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

தலைவர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "அந்த ரோட்டுல நம்ம ஆளு யாரு கீறாங்க சார்? வண்டலூர் ஜூவுல சிங்கம் புலிதான் கீது. அதுவா நன்கொடை குடுக்கும்?"

வாஸ்தவம்தான். நன்கொடை கொடுத்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வாசல் வழியாக ஓட்டம் போக வேண்டும் என்று நின்றார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவருக்கு அரிசி மண்டி. மேடவாக்கத்தில் ஒருவருக்கு டென்ட் கொட்டகை. கீழ்க்கட்டளையில் தலைவரின் சம்பந்தி. தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளைக்குப் போய்த் திரும்புவதற்கு ரயில்வே லைனைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் லைனுக்கு மேற்கே, குரோம்பேட்டையில், கோப்பை வாங்கித் தந்த மரக்கடைக்காரர் இருந்தார். ஆகவே எங்கள் ஓட்டம் பல்லாவரம் கேட்டில் லைனைத் தாண்டி மேற்கே போய், குரோம்பேட்டை கேட்டில் மறுபடி தாண்டிக் கிழக்கே வந்தது. அப்புறம் அஸ்தினாபுரத்தில் தலைவரின் மைத்துனர் வீட்டு வாசல். அங்கிருந்து கிழக்குத் தாம்பரம் மைதானம்.

நானே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தபோது எனக்கே தலை சுற்றியது.

"ஓடறவங்க பாவம் தலைவரே" என்றேன்.

"ஓடறதுக்குத்தான சார் வர்றாங்க? கொஞ்சம் கூட ஓடட்டுமே" என்றார் அவர்.

வாசல் வழியாகப் போனால் மட்டும் போதாது, வாசலில் மரியாதை செய்யாமல் விடுவது முறையல்ல என்று நன்கொடையாளர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்தவனைச் சும்மா அனுப்புவதா? முதலில் வருகிறவருக்குப் பொன்னாடை என்று தீர்மானம் ஆயிற்று. அவர் நிற்கிற நேரத்தில் மற்றவர்கள் ஓடிவிடுவார்களே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "முடிகிற இடத்துல ஒரு ரிப்பன் கட்டணும் தலைவரே" என்று நான் அன்றைக்கே சொன்னேன். "கட்டிடலாம் சார். கத்தரிக்கோலு நம்ம வூட்லயே கீது" என்றார். இதில் கத்தரிக்கோல் எங்கே வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"என் தங்கச்சி ஓடறா"

பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று ஜோசப் என்னிடம் வந்தார். "சார், என் தங்கச்சி பிரிசில்லா ஓடறா" என்றார்.

நோட்டீஸில் ஆண்களுக்கு மட்டும் என்று நாங்கள் போடவில்லை. தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் ஓடுவார்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவே இல்லை.

பிரிசில்லா ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. ஒவ்வொரு ஜூனிலும் "இந்த வருஷம் நிரந்தரம் பண்ணிடலாம்" என்பார்கள், ஜூலையில் மறந்துவிடுவார்கள். அந்த வருஷம் தாளாளர் புதிதாக ஒன்று சொன்னார். "விளையாட்டு டீச்சர்னா எதுலயாவது ஜெயிச்சிருக்கணும்ல? பெரிய போட்டி எதுலயாவது ஃபர்ஸ்ட் பிரைஸ் சர்டிபிகேட் கொண்டு வாங்க, உடனே பர்மனென்ட். இல்லேன்னா ஜூன்ல வேற ஆள் பாத்துக்கறோம்." வேறு ஆள் ஏற்கெனவே தயார். தாளாளரின் மனைவி வழியில் ஒரு பெண்.

அந்த வீட்டில் அப்பா இல்லை. ஜோசப் சம்பளமும் பிரிசில்லா சம்பளமும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. மூன்று மாதமாக விடியுமுன் சேலையூர் ஏரிக்கரையில் அவள் ஓட, நாய்களை விரட்டிக்கொண்டு இவர் சைக்கிளில் பின்னால் போயிருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

தலைவர் கேட்டுச் சிரித்தார். "ஓடட்டும் சார். ரெண்டு ஃபர்லாங் ஓடிட்டு உக்காந்துக்கும். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

கேசரியைத் தாண்டி

கீழ்க்கட்டளையில் ஓட்டம் நின்றுகொண்டிருந்தது என்றேன் அல்லவா? அப்போதுதான் பின்னாலிருந்து அவள் வந்தாள். அண்ணனின் பழைய சட்டை, நீலக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. குதித்துக்கொண்டிருந்த ஆண்களைத் தாண்டினாள். நேராக மேடையை நோக்கிப் போனாள்.

மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

மேடையில் இருந்தவர்கள் பொன்னாடையைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக ரோட்டை எட்டிப் பார்த்தார்கள். தலைவரின் சம்பந்தி மட்டும் குனிந்து கேட்டார். "ஏம்மா, நீ ஃபர்ஸ்ட் எய்டா? பின்னால யாராவது வுயுந்து கீறாங்களா?"

"இல்லண்ணா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

ஜோசப் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அவள் போனதைப் பார்த்ததும் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து நாலாவது பொன்னாடையை வாங்கினான். கேசரியை வாயில் போட்டுக்கொண்டே ஓடினான். என்ன இருந்தாலும் மூட்டை தூக்கிய கால். பல்லாவரம் தாண்டி, மரக்கடை வாசல் வருவதற்குள் அவளைப் பிடித்து முந்திவிட்டான். அவனை ஒட்டியே ஓடி வந்த இன்னும் இரண்டு பேரும் முந்தினார்கள். மரக்கடைக்காரர் அன்று டி.வி.யில் புராண சீரியல் பார்க்க உள்ளே போய்விட்டதால் அங்கே மேடை காலி. அந்த சீரியலுக்கு என் நன்றி.

குரோம்பேட்டை கேட்டில் பார்த்தால், கேட் சாத்தியிருக்கிறது. ஏழுமலையும் மற்ற இரண்டு பேரும் மோர் விற்கிற அம்மாவோடும் சைக்கிள்காரர்களோடும் ஆட்டுக் கூட்டத்தோடும் நிற்கிறார்கள். பிரிசில்லாவும் வந்து நின்றாள். தாம்பரம் வண்டி போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் பீச் ஸ்டேஷன் போகிற வண்டி வந்தது. ஓட்டப் போட்டியின் செயலாளர் ரயில்வே கால அட்டவணையைப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுவிட்டாள்.

கேட் திறந்ததும் நாலு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அஸ்தினாபுரம் மேடையில் தலைவரின் மைத்துனர், ஒருவருக்குப் போர்த்தினால் மற்றவர் மனசு புண்படும் என்று, வந்த மூன்று ஆண்களையும் மேலே ஏற்றினார். பொன்னாடை போர்த்தினார். அதோடு விட்டாரா? "நம் பகுதி இளைஞர்களுக்கு ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார். ஏழுமலை மூச்சு வாங்க, "எல்லாரும் நல்லா இருங்கோ, என்னை வுடுங்கோ" என்றது சேலையூர் வரைக்கும் கேட்டது.

பிரிசில்லாவை ஒருவரும் நிறுத்தவில்லை. அவளைப் போட்டியில் ஓடுகிற ஆளாக ஒருவரும் எண்ணவில்லையே.

தாம்பாளத்தில் கத்தரிக்கோல்

மைதானத்தில் பந்தல் அமர்க்களமாக இருந்தது. இரண்டு பெரிய சவுக்குக் கம்பம் நட்டு, மேலே அலங்கார வளைவு. வளைவில் தலைவரின் படம், ஆளுயரத்துக்கு, கை கூப்பியபடி. கம்பங்களுக்கு இடையில் அகலமான சிவப்பு சாட்டின் ரிப்பன். பக்கத்தில் தலைவர், தாம்பாளத் தட்டில் கத்தரிக்கோலோடு.

பிரிசில்லா வந்துவிட்டாள். இரண்டு பேர் கையை விரித்து மறித்தார்கள்.

"நில்லும்மா, நில்லும்மா! இன்னும் ரிப்பன் கட் பண்ணல!" என்றார் தலைவர்.

"சார், நான்தான் ஃபர்ஸ்ட்" என்றாள், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு.

"இருக்கட்டும்மா, யாரு இல்லேன்னா? சிறப்பு விருந்தினர் எம்.எல்.ஏ. காரு கேம்ப் ரோடு வந்துட்சாம். அவரு கட் பண்ணட்டும். அப்பால எல்லாரும் வரிசையா உள்ள வாங்க."

நான் ஸ்கூட்டரிலிருந்து குதித்தேன். "தலைவரே! ஓடி வர்றவங்க நெஞ்சால அறுத்துக்கிட்டுப் போறதுக்குக் கட்டின ரிப்பன் அது!"

"இன்னா சார் பேசறீங்க? சாட்டின் ரிப்பன் சார். கடை திறப்பு விழாக்கு வாங்கறது. நெஞ்சால அறுக்கறதுக்கா நான் வாங்கினேன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தெருமுனையில் ஏழுமலை ஐந்து பொன்னாடைகளோடு வந்துகொண்டிருந்தான். அவன் வந்து, கார் வந்து, ரிப்பன் வெட்டி, கூட்டமாக உள்ளே போனால் யார் முதலில் வந்தது என்று யார் சொல்வது? அவள் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் ஜோசப் கத்தினார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"பிரிசி! ஓடு!"

அவள் நாலடி பின்னால் போனாள். "சாரி சார்" என்றாள். பாய்ந்தாள்.

ரிப்பன் அறவில்லை. நல்ல சாட்டின், தலைவர் சொன்னது சரிதான். அதைக் கட்டியவர்கள் அவருடைய மணல் யார்டு ஆட்கள், லாரியில் கயிறு கட்டிப் பழகியவர்கள். ஆக, கம்பம்தான் வந்தது. முதலில் ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். மேலே கை கூப்பிக்கொண்டிருந்த தலைவர் மெதுவாகக் குனிந்து, பொதுமக்கள் காலில் முகங்குப்புற விழுந்தார். கத்தரிக்கோல் தட்டு உருண்டு போயிற்று. மார்பில் சிவப்பு ரிப்பனோடு பிரிசில்லா கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

சரியாக அந்த நேரத்தில் காரிலிருந்து இறங்கிய சிறப்பு விருந்தினர், "என்னய்யா, விழா முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

ஐந்து பொன்னாடை

பந்தலுக்குப் பின்னால் அவசரக் கூட்டம். பொம்பளையை ஆம்பளைகளோடு கணக்கில் எடுக்க முடியாது, மேலும் பந்தலைத் தள்ளியது ஒழுங்கீனம், ஆகவே முதல் பரிசு ஏழுமலைக்கு, பிரிசில்லாவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி. இதுதான் முடிவு. நான் சண்டை போட்டேன். தலைவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

பிரிசில்லா சாக்கடைப் பாலத்துத் திண்டின் மேல் உட்கார்ந்து முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "விடுண்ணா. ஜூன்ல ட்யூஷன் ஏதாவது எடுத்துக்கறேன்" என்று ஜோசப்பிடம் சொன்னாள். அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஆறாவது பொன்னாடையைப் பிரித்தார். ஏழுமலை இரண்டு கையாலும் அதைத் தடுத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் போனான்.

"மொதல்ல வந்தது அந்தக்கா. கேட்டாண்ட எங்களோடதான் நின்னுச்சி, எங்களோடதான் கெளம்பிச்சி. நாங்க மேடைல பேசிக்கினு இருந்தோம், அது ஓடிக்கினு இருந்துச்சி. ரெண்டாவது பரிசு குடு, வாங்கிக்கிறேன். மொதப் பரிசு குடுத்தா எனுக்கு வாணாம்."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். கழுத்திலிருந்த ஐந்து பொன்னாடைகளையும் ஒவ்வொன்றாக உருவி அவள் மடியில் வைத்தான். "இந்தாக்கா, மொத ஆளுக்குன்னு குடுத்தாங்கோ. எல்லாம் உன்துதான். பாத்து, ஜரிகை குத்தும்."

கூட்டம் விசிலடித்தது. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்? சிறப்பு விருந்தினர் அனுபவசாலி. கைதட்டல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார், உடனே பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி நீளமாகப் பேசத் தொடங்கினார். சான்றிதழில் முதல் பரிசு, பிரிசில்லா என்று நான் எழுத, அவர் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

தாளாளர் அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். எத்தனை தூரம் ஓடினாய் என்று கேட்கவில்லை. "அவர் கையெழுத்தேதானா?" என்று மட்டும் கேட்டாராம். ஜூனில் பிரிசில்லா நிரந்தரம் ஆனாள்.

அடுத்த வருஷம்

அடுத்த வருஷ நோட்டீஸில் தலைவர் ஒரு திருத்தம் செய்தார். ஆண்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். பொன்னாடை, மேடை, கேசரி, கத்தரிக்கோல் எதிலும் மாற்றமில்லை. நான் ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் எழுத வேறு ஆள் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை.

போட்டியன்று காலை பிரிசில்லா டீச்சர் தன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்து நின்றாள். மார்பில் நம்பர் கிடையாது.

"நாங்க போட்டியில இல்ல சார். ரோடு எல்லாருக்கும் பொதுதானே? அந்தப் பக்கமா ஓடிட்டு வர்றோம்" என்றாள்.

அன்று நான் மைதானத்திலேயே இருந்தேன். புதிய சவுக்குக் கம்பம், புதிய வளைவு, தலைவருக்குப் புதிய படம். சிறப்பு விருந்தினரின் கார் இன்னும் பல்லாவரத்திலேயே இருப்பதாகத் தகவல். ஆண்கள் எல்லாரும் அஸ்தினாபுரத்தில் ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கி இங்கே வரை கேட்டது.

தெருமுனையில் இரட்டைச் சடைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் கும்பலாக. தலைவர் அவர்களைப் பார்த்தார். நிமிர்ந்து வளைவைப் பார்த்தார். தட்டிலிருந்த கத்தரிக்கோலைத் தானே எடுத்து ரிப்பனை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"நவுருங்க சார், நவுருங்க! வயி வுடுங்க அதுங்களுக்கு. பந்தல் புதுசு!"